உளவியல் சிகிச்சைக் கட்டணத்தை மருத்துவக் காப்பீடு ஏற்குமா?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் உங்கள் தங்கைக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக மனநல மருத்துவர் கண்டறிந்து, மாத்திரைகளுடன் வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் சிகிச்சை பெறும்படியும் சொல்லியிருக்கிறார். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் ஆகிறது. அலுவலகத்தின் குரூப் இன்சூரன்ஸில் அந்த ரசீதுகளைக் கொடுத்தபோது, புறநோயாளிச் சிகிச்சை இந்தப் பாலிசியில் அடங்காது என்று மறுத்துவிட்டார்கள். மனநோய்க்கும் காப்பீடு தந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது இப்படி மறுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அவருக்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்றால், நோயைச் சொன்னால் பாலிசி கிடைக்காமல் போகுமோ, செய்தி வெளியே பரவுமோ என்று பெற்றோர் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவில் நீண்ட காலம் க்ளைம் கோப்புகளைத் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் உண்மையானது, வலுவானது. ஆனாலும் உங்கள் தங்கைக்கு வந்த மறுப்பு, அந்தப் பாலிசியில் புறநோயாளிப் பிரிவு இல்லாத பட்சத்தில், சட்டத்துக்கு முரணானது அன்று. இவ்விரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கினால்தான் எந்தக் கதவைத் தட்டலாம், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது தெளியும்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு, உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறதோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கு முன்பு ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் 'மனநோய், மனஅழுத்தம், உளவியல் கோளாறுகள்' என்பவை நிரந்தர விலக்குப் பட்டியலில் இருந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2018 ஆகஸ்ட் 16 அன்று, இந்தப் பிரிவுக்கு உடனடியாகக் கட்டுப்படும்படி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019 செப்டம்பர் 27 அன்று விலக்குகளை ஒரே சீராக்கி வெளியிட்ட வழிகாட்டுதலில், மனநோய், மனஅழுத்தம், உளவியல் கோளாறு ஆகியவற்றுக்கான சிகிச்சையை விலக்காக எழுதவே கூடாது என்றது. அதன் பிறகும் சில நிறுவனங்கள் தயங்கியதால், 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் மனநோயை உள்ளடக்க வேண்டும் என்று மீண்டும் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றங்களும் இதில் உறுதியாகவே நின்றிருக்கின்றன. மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் க்ளைமைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, பாலிசியில் மனநோய் விலக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி மறுத்தது. அந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை என்றும், உடல்நோயையும் மனநோயையும் பிரித்துப் பாகுபாடு காட்டும் நிபந்தனை செல்லாது என்றும் சொல்லி, தொகையை வழங்க உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருங்கள், பின்னால் பயன்படும்.

இப்போது 'அதே அடிப்படையில்' என்ற சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடு என்பது மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான காப்பீடு. சர்க்கரை நோயாளி மாதந்தோறும் மருத்துவரைப் பார்க்கும் கட்டணமும், முதுகுவலிக்காரர் வாரம் இருமுறை போகும் பிசியோதெரபியும் அதில் அடங்குவதில்லை. உடல்நோய்க்கே இல்லாத புறநோயாளிச் செலவை மனநோய்க்கு மட்டும் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே சமத்துவம் கிடைத்திருக்கிறது, ஆனால் மருத்துவமனைப் படுக்கைக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) போன்றவற்றில் பெரும்பாலோருக்குப் படுக்கையே தேவைப்படுவதில்லை. மாத்திரையும் மாதக்கணக்கில் தொடரும் உளவியல் சிகிச்சையும்தான் தேவை. எந்தச் சிகிச்சை நோயாளியை மருத்துவமனைக்குப் போகாமல் காக்கிறதோ, அதற்குப் பணம் தராமல், அது கிடைக்காமல் நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகு பணம் தரும் ஏற்பாடு இது. இது தவறான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்றைய தேதியில் அதை ஒரு க்ளைம் கடிதத்தால் மாற்ற முடியாது.

புறநோயாளிப் பிரிவு, அதாவது ஓபிடி, இருக்கும் பாலிசிகளில்கூட உளவியல் சிகிச்சை ரசீதுகள் திரும்பி வருவதுண்டு. இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசிகளில் 'மருத்துவர்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு: மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே மருத்துவர். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர்; அவர் இந்த வரையறைக்குள் வருவார். உளவியல் சிகிச்சை தருபவரோ பெரும்பாலும் சிகிச்சை உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருப்பார், மருத்துவ கவுன்சிலில் இருக்க மாட்டார். 'மருத்துவர் ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் எழுதப்பட்ட ஓபிடி பிரிவில் மனநல மருத்துவரின் கட்டணம் கிடைக்கும், உளவியலாளரின் கட்டணம் கிடைக்காது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் தன் 'மனநல வல்லுநர்' வரையறைக்குள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற சிகிச்சை உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோரைச் சேர்த்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் என்ற பிரிவில் பட்ட மேற்படிப்பு முடித்தவரைக்கூடச் சேர்த்திருக்கிறது. காப்பீட்டுப் பாலிசிகளின் வரையறை இந்த அளவுக்கு விரியவில்லை. எனவே ஓபிடி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், உளவியலாளர் தரும் சிகிச்சை அதில் அடங்குமா என்று அந்தச் சொல்லையே பயன்படுத்தி, எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவைப் பணியாளர் 'அடங்கும்' என்று சொல்வதை நம்பி ஆறு மாத ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

உங்கள் தங்கையின் அலுவலகப் பாலிசியிலிருந்து தொடங்குவதுதான் சரி. நிறுவனங்கள் ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஓபிடியைச் சேர்ப்பதும் நீக்குவதும் உண்டு. ஊழியர் தன் பணத்தில் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வசதியைத் தருவதும் உண்டு. மனிதவளப் பிரிவினர் அனுப்பும் இரண்டு பக்கச் சுருக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முழுப் பாலிசி வாசகத்தை வாங்கிப் படிக்க வேண்டும். கூடவே, நிறுவனத்தில் ஊழியர் நல உதவித் திட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இது காப்பீடு அன்று. நிறுவனம் வெளியே ஓர் ஆலோசனை அமைப்புக்குப் பணம் கட்டிவிடுகிறது. ஊழியரும் பல இடங்களில் குடும்பத்தினரும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அமர்வுகளைக் கட்டணமின்றிப் பெறலாம். க்ளைம், ரசீது எதுவும் தேவையில்லை; பெரும்பாலும் நிறுவனத்துக்குப் பெயர்கள் தரப்படுவதில்லை, எண்ணிக்கை மட்டுமே போகும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருந்தும், வேலையில் சேர்ந்த நாளில் வந்த ஏராளமான மின்னஞ்சல்களுக்கிடையே அது கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. தற்போதைய உளவியலாளரை விட்டுவிட்டு அங்கே மாற வேண்டும் என்பது இதில் உள்ள சங்கடம். நம்பிக்கை ஏற்பட்ட சிகிச்சையாளரைப் பணத்துக்காக நடுவில் மாற்றுவதை, வேறு வழியிருக்கும்வரை, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓபிடியைத் தனியாக விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை தரும் ஓபிடிக்குக் கூடுதல் பிரீமியம் 8,000 ரூபாய் என்றால், உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை 7,000 ரூபாய். உங்கள் தங்கையின் கட்டணத்தில் அது ஐந்து அமர்வுகளைக்கூட எட்டாது. வாரம் ஓர் அமர்வு என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு முறைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், நிறுவனம் குறிப்பிடும் செயலி வழியாக மட்டுமே பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால் நன்மை இன்னும் குறையும். எனவே ஓபிடி ஏற்கெனவே இருந்தால் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு தேவைக்காகவே அதை வாங்குவது பெரும்பாலும் இலாபமாக இருப்பதில்லை.

ரசீது விஷயத்தில் சிறு கவனம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 'கவுன்சலிங் – 6,000' என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட மாத ரசீது எந்த மேசையிலும் நிற்காது. ஒவ்வொரு அமர்வின் தேதி, கட்டணம், சிகிச்சையாளரின் தகுதி, பதிவு எண், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். அதோடு, இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை தேவை என்று மனநல மருத்துவர் எழுதிய பரிந்துரைச் சீட்டும் வேண்டும். நோயின் பெயர் அதில் தெளிவாக இருக்க வேண்டும். காணொளி வழியாக நடந்த மனநல மருத்துவர் ஆலோசனையாக இருந்தால், அதை மட்டுமே காரணம் காட்டி மறுக்க முடியாது. மருத்துவரின் நேரடி ஆலோசனை எங்கெல்லாம் ஏற்கப்படுகிறதோ அங்கெல்லாம் தொலைமருத்துவ ஆலோசனையையும் ஏற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2020 ஜூனில் அறிவுறுத்தியிருக்கிறது.

ஒருவேளை உள்நோயாளியாகச் சேர வேண்டிய நிலை வந்தால், அப்படி வராமலே போகட்டும், உங்கள் தங்கையின் பாலிசி முழு வலிமையுடன் துணை நிற்க வேண்டிய இடம் அதுதான். அங்கே நான்கைந்து விஷயங்களில் கோப்புகள் சிக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாப் பாலிசிகளிலும் பொதுவாக உள்ள விலக்குகளில் நான்காவது, பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டுமே சேர்க்கப்பட்டால் பணம் இல்லை என்கிறது. ஐந்தாவது, ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் தங்கியிருந்தால் இல்லை என்கிறது. மனநல உள்நோயாளியின் கோப்பில் ஊசியும் அறுவை சிகிச்சையும் இல்லாமல், 'கண்காணிப்பில் வைக்கப்பட்டார், ஓய்வெடுத்தார், பேசினார்' என்று மட்டும் இருந்தால், இந்த இரண்டு விலக்குகளில் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதனால் ஏன் வீட்டில் வைத்துச் சிகிச்சை தர முடியாது, தற்கொலை எண்ணம் இருந்ததா, உணவை மறுத்தாரா, மருந்தளவை மாற்றும்போது மருத்துவக் கண்காணிப்பு ஏன் தேவைப்பட்டது என்பவற்றை மருத்துவர் முதல் நாள் குறிப்பிலேயே எழுத வேண்டும். இவை நடந்த உண்மைகளே. பல நேரங்களில் எழுதப்படாமல் போகின்றன, அவ்வளவுதான். பன்னிரண்டாவது விலக்கு, மது, போதைப்பழக்கச் சிகிச்சை பற்றியது. மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சட்டம் வரையறுத்திருக்க, பாலிசிகளில் இந்த விலக்கு இன்னும் தொடர்கிறது. போதை மறுவாழ்வு மையச் செலவைக் காப்பீட்டில் பெறலாம் என்று யாரேனும் உங்களுக்கு உறுதி சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பாலிசியின் பார்வையில் மருத்துவமனை என்பது உரிய சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதாகவோ, அல்லது குறைந்தபட்சப் படுக்கை எண்ணிக்கை, எந்நேரமும் செவிலியர், மருத்துவர், அறுவை அரங்கு முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றுவதாகவோ இருக்க வேண்டும். மனநல மருத்துவமனைக்கு அறுவை அரங்கு எதற்கு? அது இல்லை என்று ஒரு மனநல மருத்துவமனையின் க்ளைமை மறுத்தால், பதிவுச் சான்றுதான் விடையாக அமையும். சேர்வதற்கு முன்பே, மருத்துவ நிறுவனப் பதிவும் மாநில மனநல ஆணையத்தின் பதிவும் நடப்பில் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்னதிர்வுச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், தசைத் தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை விதித்திருப்பதால், மயக்க மருந்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் முடியும் பகல்நேரச் சிகிச்சையாக அதை ஏற்கும்படி முன்கூட்டியே ஒப்புதல் கேட்கலாம்.

உளவியல் சிகிச்சைக்கு நேரடியாகப் பணம் கிடைக்கக்கூடிய ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் டிஸ்சார்ஜ் ஆன பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஆகும் தொடர்புடைய செலவுகளைப் பாலிசி ஏற்கும். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் இது முன் 30 நாள், பின் 60 நாள்; வேறு சிலவற்றில் கூடுதலாக இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே, 'வாரம் ஒருமுறை சிகிச்சை உளவியலாளரிடம் உளவியல் சிகிச்சை தொடர வேண்டும்' என்று மனநல மருத்துவர் எழுதி, அதே மருத்துவமனையில் அந்த அமர்வுகள் நடந்து, ரசீதும் மருத்துவமனையின் பெயரிலேயே வந்தால், அந்த இரண்டு மாத அமர்வுகளைக் கோருவதற்கு நல்ல அடிப்படை உண்டு. அந்த வரி இல்லாத டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம்.

மனநோய்க்கு மட்டும் உச்சவரம்பு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. 35 லட்சம் ரூபாய்க் காப்பீட்டில் மனநோய்க்கு 50,000 ரூபாய் மட்டுமே என்று வரம்பு வைத்திருந்த ஒரு பாலிசி 2021இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, இத்தகைய பாலிசிக்கு எப்படி ஒப்புதல் தரப்பட்டது என்று நீதிமன்றம் ஒழுங்குமுறை ஆணையத்தையே கேட்டது. உங்கள் பாலிசியில் அப்படி ஒரு வரி இருந்தால், 'அதே அடிப்படையில்' என்ற சட்டச் சொல்லோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று எழுதிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது பெற்றோரின் தயக்கம். நோயை மறைத்துப் பாலிசி எடுக்க வேண்டாம். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. மறைத்தவர்கள் எப்படி அகப்படுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்ததால் சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனம் துப்பறிய வேண்டியதில்லை. அவசரத்தில் மருத்துவமனைக்கு ஓடும்போது, 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?' என்று பணி மருத்துவர் கேட்பார்; வீட்டார் உண்மையைச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும்; 'மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து' என்று நோயாளிக் கோப்பில் ஏறிவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் க்ளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ என்ற இடைநிலை அமைப்பு அதைப் படிக்கும்போது, பாலிசி விண்ணப்பத்தில் 'இல்லை' என்று நிரப்பியது முரணாகத் தெரியும். அதன் பிறகு மனநோய் க்ளைம் மட்டும் அல்ல, பித்தப்பை அறுவை சிகிச்சையின் க்ளைமும் மறுக்கப்படலாம்; முக்கிய உண்மையை மறைத்ததாகச் சொல்லி பாலிசியையே ரத்து செய்யவும் கூடும். இதே காரணத்தால், கால அளவு தவறாக எழுதப்பட்டிருந்தால், மூன்று மாதம் என்பது மூன்று ஆண்டு என்று ஆகியிருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். பிறகு பெறும் திருத்தக் கடிதத்தை எளிதில் நம்ப மாட்டார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? முன்பே உள்ள நோய் என்று வகைப்படுத்தி, அதற்குக் காத்திருப்புக் காலம் விதிப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிமுறைப்படி அது 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. முன்பு 48 மாதங்களாக இருந்தது. அந்தக் காலத்தில் மற்ற நோய்களுக்கான காப்பீடு வழக்கம்போல இயங்கும். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, பழைய தகவல்களைக் காட்டிக் க்ளைமை மறுக்க முடியாது. பிரீமியத்தை உயர்த்தலாம், சில நிறுவனங்கள் பாலிசி தரவே மறுக்கவும் செய்யலாம். ஆனால் மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கென ஒவ்வொரு பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2023 பிப்ரவரியில் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே ஒரு பாலிசிக்கு மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்பதோடு, அந்த நிறுவனத்தின் அத்தகைய பாலிசி எது என்றும் கேளுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால், பழைய விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட வேண்டாம். பாலிசி கைக்கு வந்த பின் 30 நாட்களுக்குள், வாசகம் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான செயல்முறை கிளைக்கிறது. அலுவலகக் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு இருப்பதில்லை; முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. வேலையை விட்டால் அது அன்றோடு போய்விடும். மனச்சோர்வில் இருப்பவர்கள் வேலையை விட்டுவிடத் துடிப்பது இயல்பு. அப்படி ஒரு முடிவு எடுப்பதாக இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளும் விண்ணப்பத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். அப்படி மாறினால் குரூப் பாலிசியில் கழிந்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேரும். இன்றே ஒரு தனிப் பாலிசியை உண்மையைச் சொல்லி எடுத்துவிட்டால், குரூப் பாலிசி காக்கும் காலத்திலேயே தனிப் பாலிசியின் 36 மாதங்களும் கரைந்துவிடும். உங்கள் தங்கைக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே யோசனை எதுவென்றால், இதுதான்.

செய்தி பரவும் அச்சத்துக்கு வருகிறேன். மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களின் இரகசியத்தன்மையைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உரிமையாகவே தருகிறது. நடைமுறையில், க்ளைம் ஆவணங்களை மனிதவளப் பிரிவின் கையில் கொடுக்காமல் டிபிஏயின் இணையதளத்திலோ மின்னஞ்சலிலோ நேரடியாக அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாகச் சொந்த முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு மாதாந்தர அறிக்கையில் நோயின் பெயரோ ஊழியரின் பெயரோ போகுமா என்று டிபிஏயிடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பார்த்த பிறகு க்ளைம் செய்வதும் நியாயமான எச்சரிக்கையே. திருமணப் பேச்சு தடைபடும் என்ற பெற்றோரின் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேட்டை மணமகன் வீட்டார் பார்க்கும் வழி எதுவும் இல்லை என்பதை மட்டும் அவர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

இப்போது கையில் இருக்கும் மறுப்புக் கடிதத்துக்கு என்ன செய்வது? 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் க்ளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் க்ளைமையும் மறுக்கக் கூடாது. மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த விவரத்தைக் கேளுங்கள். பாலிசியில் ஓபிடி உண்மையாகவே இல்லை என்றால் இந்தக் க்ளைமை விட்டுவிடுங்கள். வெல்லாத வழக்கில் உங்கள் தங்கையின் மனத்தைச் செலவிட வேண்டாம். ஓபிடி இருந்தும் 'மனநோய் அடங்காது' என்று மறுத்திருந்தால், அல்லது உடல்நோய் ஆலோசனைக்குத் தரும் தொகையை மனநல மருத்துவருக்குத் தர மறுத்திருந்தால், விடக் கூடாது. 21ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவையும் 2021ஆம் ஆண்டுத் தில்லித் தீர்ப்பையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பீமா பரோசா என்ற ஐஆர்டிஏஐ தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம், அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். குரூப் பாலிசிதாரர்களும் அங்கே புகார் செய்யலாம்.

காப்பீட்டுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் சேர்ந்திருப்பவர்களுக்குப் புறநோயாளிச் சிகிச்சையே கட்டணமின்றிக் கிடைக்கும்; மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணப்பயனும் உண்டு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு, ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள், தொடர் தெரபிகளையும் புறநோயாளிச் செலவையும் ஏற்கிறது. உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது. இருந்தாலும், தெரபியைக் காப்பீட்டுக்குள் கொண்டுவரவே முடியாது என்று சொல்பவர்களுக்கு அதுவே சரியான மறுமொழி என்பதால் குறிப்பிடுகிறேன்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் மருத்துவர் ஆலோசனையும் மருந்தும் இலவசம். கூட்டம் அதிகம் என்பதும், வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசும் சிகிச்சை அங்கே எளிதில் வாய்க்காது என்பதும் உண்மை. ஆனால் மருந்துக்கும் மருத்துவருக்கும் ஆகும் செலவை அங்கே மிச்சப்படுத்தி, அந்தப் பணத்தை இப்போதைய உளவியலாளருக்குக் கொடுத்துச் சிகிச்சையைத் தொடர்பவர்களை நான் அறிவேன். மருத்துவரை மாற்றும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டும். இடையில் ஒருநாளும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உளவியலாளரிடமும் பணநிலையை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு. நிலை சற்றுத் தேறியிருந்தால் வாரம் ஒன்றை இரு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, இடையில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கொடுப்பவர்களும் உண்டு. சொல்லாமல் நின்றுவிடுவதுதான் சிகிச்சையைக் கெடுக்கும்.

அமர்வுகளுக்கு இடையே நிலை மோசமானால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவை அது. தமிழிலேயே, எந்நேரமும், கட்டணமின்றிப் பேசுகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை உங்கள் தங்கை எப்போதேனும் வாய்விட்டுச் சொன்னால், பாலிசியில் அடங்குமா, எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் உண்டு என்றெல்லாம் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் டிபிஏக்குத் தகவல் கொடுத்தால் போதும்.